நாற்காலிக்கு வருகிறவர் எங்கிருந்து வருகிறார்?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் கூடுகை விழா கொல்லிமலை செம்மேட்டில் நடைபெற்றபோது, ஓய்வு பெற்ற வட்டார வளர்ச்சி அலுவலரான நம் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கிறீர்கள். பாதிப் பேருக்கு இன்னும் தலை சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மீதிப் பாதிக்கு ஆகாய கங்கையில் குளிக்கப் போகணும் என்ற அவசரம். இந்த நேரத்தில் என்னை மேடையேற்றி, 'உள்ளாட்சியும் நம் பொறுப்பும்' என்று ஒரு தலைப்பையும் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புக் கட்டுரைத் தலைப்பு மாதிரி இருக்கிறது. செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் அந்தத் தலைப்புக்குப் பின்னால் ஒரு சங்கதி இருக்கிறது. அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் சங்கத்திலிருந்து இரண்டு பேர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க ஆசைப்படுகிறார்கள். ஒரு தம்பி கீழே நாமக்கல்லில் மாமன்ற உறுப்பினருக்கு. ஜெயித்து உள்ளே போனால் மேயர் நாற்காலி வரைக்கும் அவருக்குக் கண் இருக்கிறது. இருக்கட்டும், அதில் தப்பொன்றும் இல்லை. இன்னொருவர் ஒரு தங்கை, இந்த மலையிலேயே ஊராட்சித் தலைவருக்கு. இந்த இரண்டு பேருக்கும் ஆதரவாகச் சங்கம் ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று காலையில் காப்பி குடிக்கும்போதே பேச்சு வந்துவிட்டது. ஏன் என்று கேட்டேன். 'நம்ம காலேஜ் ஆளுங்க சார், வேறென்ன காரணம் வேணும்?' என்றார்கள்.

அந்தக் காரணம் போதாது என்று சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன். அவர்கள் மீது எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள். ஆனால் ஒரே ஜாதி என்பதற்காக ஓட்டுப் போடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, ஒரே காலேஜ் என்பதற்காக நாம் ஓட்டுக் கேட்டால் அது என்ன நியாயம்?

நாமக்கல் 2024-ஆம் ஆண்டு மாநகராட்சி ஆகிவிட்டது. நான் படிக்கும் காலத்தில் அது சேலம் மாவட்டத்தில் ஒரு தாலுகா தலைநகரம். மாவட்டமானதே 1997 ஜனவரியில்தான். இன்று மேயர் இருக்கிற ஊர். மேயர் என்றதும் நம் பையன்களுக்குச் சிவப்பு அங்கியும் கழுத்துச் சங்கிலியும் ஞாபகம் வருகிறது. ஆனால் அந்த மேயரைத் தேர்ந்தெடுப்பது யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 1996-இலும் 2001-இலும் மக்களே நேரடியாக மேயருக்கு ஓட்டுப் போட்டார்கள். 2006-இல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் மறுபடி மக்கள். 2022-இல் மறுபடி கவுன்சிலர்கள். முறை இப்படி ஊஞ்சல் ஆடுகிறது. கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும்போது என்ன ஆகிறது என்றால், மேயர் வேட்பாளர் யார் என்பதே ஜனங்களுக்குக் கடைசி நாள் வரை தெரியாது. அவர் எங்கே பிறந்தார், என்ன தொழில் செய்தார், எதற்காகக் கோபப்படுவார், எதற்கு விட்டுக்கொடுப்பார் என்று கேட்க வாய்ப்பே இல்லாமல் போகிறது. ஆகவே வார்டில் நிற்கும்போதே, ஒவ்வொரு வேட்பாளரையும் நாளைய மேயர் என்று நினைத்துத்தான் விசாரிக்க வேண்டும்.

எப்படி விசாரிப்பது? அதற்கு இரண்டு பழைய ஆட்களைக் கூப்பிட்டு வந்திருக்கிறேன். இரண்டு பேருமே இந்த மலையைச் சுற்றியுள்ள சீமைக்காரர்கள். ஒருவர் சேலத்து முனிசிபாலிடிக்குத் தலைவராக இருந்தவர். இன்னொருவர் ஈரோட்டு முனிசிபாலிடிக்கு. இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில், முதல் உலகப் போர் முடிகிற காலத்தில், அறுபது எழுபது கிலோமீட்டர் இடைவெளியில் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு அதற்கு மேயர் என்று பெயர் இல்லை, சேர்மன். சேலம் 1994-இலும் ஈரோடு 2008-இலும் மாநகராட்சி ஆனதால், இன்று அதே நாற்காலிகள் மேயர் நாற்காலிகள்.

பெயரைச் சொன்னால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். சேலத்துக்காரர் இராஜாஜி. ஈரோட்டுக்காரர் பெரியார்.

அங்கே என்ன முணுமுணுப்பு? இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஏற்றுகிறானே என்றுதானே! அவர்களே ஏறியிருக்கிறார்கள் ஐயா. ஏறி, சண்டை போட்டு, கடைசி வரை நண்பர்களாகவும் இருந்திருக்கிறார்கள். நமக்குத்தான் சிரமமாக இருக்கிறது.

முதலில் சேலத்தாரைப் பார்ப்போம். 1878 டிசம்பர் 10-ஆம் நாள், ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். தகப்பனார் அந்தக் கிராமத்து முன்சீப். வசதியான குடும்பம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஊரில் ஒரு மரியாதை இருந்த குடும்பம். ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூர் சென்ட்ரல் காலேஜ், பிறகு சென்னையில் மாநிலக் கல்லூரியில் சட்டம். 1900-இல் சேலத்துக்கு வந்து வக்கீல் தொழிலைத் தொடங்கினார். கிரிமினல் வழக்குகளில் பெயரெடுத்தார். 1911-இல் முனிசிபல் உறுப்பினர், 1917-இல் தலைவர். அந்த நாற்காலிக்கு வருவதற்கு ஓரிரு வருஷம் முன்னாலேயே மனைவியை இழந்துவிட்டார். ஐந்து குழந்தைகள். மறுமணம் செய்துகொள்ளவில்லை. வேட்பாளரின் பின்னணி என்று நாம் துண்டுப் பிரசுரத்தில் போடுவது இவ்வளவுதான்: பிறந்தது, படித்தது, தொழில், குடும்பம்.

இதில் எதை வைத்து அவர் நாற்காலியில் என்ன செய்வார் என்று கணிப்பீர்கள்? முன்சீப் மகன், வைதிகக் குடும்பம், வக்கீல். அன்றைக்கு ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. வரி கட்டுகிற ஆண்களுக்குத்தான். அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட ஆள் தலைவரானால், தன் தெருவுக்கு விளக்குப் போட்டுக்கொண்டு போய்விடுவார் என்றுதானே நினைப்போம்?

நடந்தது வேறு. சேலம் முனிசிபாலிடிக்கு முதன்முதலாகத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் உறுப்பினராக வருவதற்குக் காரணமாக இருந்தவர் அவர். இன்னொன்று தண்ணீர்க் குழாய் சங்கதி. அக்கிரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலையில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர் இருந்தார். அவர் கை பட்ட குழாயிலிருந்து வரும் தண்ணீர் எங்களுக்கு ஆகாது என்று எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்கள் யார்? சொந்த ஜாதிக்காரர்கள், உறவுக்காரர்கள், வீட்டு விசேஷத்துக்கு வந்து போகிறவர்கள். தலைவர் அசையவில்லை. அந்தத் தொழிலாளி அதே வேலையில் இருந்தார். தண்ணீர் வேண்டுமானால் அந்தக் கை திறந்துவிடும் தண்ணீர்தான்.

இதை இன்றைக்குக் கேட்டால் பெரிதாகத் தோன்றாது. நான் இருபது வருஷத்துக்கு மேலாக ஒன்றிய அலுவலகங்களில் வேலை பார்த்தவன். எனக்குத் தெரியும், இது எவ்வளவு பெரியது என்று. பைப் லைன் போட்டால் முதல் குழாய் எந்தத் தெருவில், வால்வு யார் வீட்டு முன்னால், அதைத் திருகுகிறவர் யார், இந்த மூன்று கேள்வியில் ஒரு ஊரின் முழு அரசியலும் இருக்கிறது. டேங்க் கட்டுவது இன்ஜினீயர் வேலை. வால்வு தலைவர் வேலை. எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறேன், ஒரு தெருவுக்கு இரண்டு மணி நேரம் தண்ணீர் வரும், காலனிக்கு இருபது நிமிஷம் வரும். ஏனுங்க இப்படி என்று கேட்டால், 'மேடு சார், பிரஷர் ஏறலை' என்பார்கள். தண்ணீருக்கு ஜாதி தெரியாது, மேடு பள்ளம்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், காலனிதான் பள்ளத்தில் இருக்கும்.

இப்போது ஈரோட்டாரைப் பார்ப்போம். 1879 செப்டம்பர் 17-இல் பிறந்தவர். தகப்பனார் வெங்கடப்ப நாயக்கர், சின்ன வயதில் கூலி வேலை செய்து, படிப்படியாக முன்னேறி, மண்டி வைத்துப் பெரிய வியாபாரி ஆனவர். மகனுக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. சில வருஷம்தான் படிப்பு. பன்னிரண்டு வயதுக்கெல்லாம் மண்டியில் உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பது வயதில் நாகம்மையாருடன் திருமணம். 1904-இல் வீட்டை விட்டுக் காசிக்குப் போனார். அங்கே சத்திரத்தில் பிராமணருக்கு மட்டும்தான் சாப்பாடு என்று தள்ளிவிட்டார்கள். பசியில் எச்சில் இலையில் கை வைக்கும் நிலைமை வந்தது. அந்தச் சத்திரத்தைக் கட்டியவரோ பிராமணர் அல்லாத ஒரு வியாபாரி என்பதை அங்கேயே தெரிந்துகொண்டார். திரும்பி வந்து மறுபடியும் மண்டி. ஊரில் பிளேக் வந்தபோது, சொந்தக்காரர்களே விட்டு ஓடிய பிணங்களைத் தூக்கிப் போட முன்னால் நின்றார்.

இப்படிப்பட்டவர் சேர்மன் ஆனதும் செய்த பெரிய காரியம் என்ன? ஈரோட்டு ஜனங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டு வந்தது. பாருங்கள், இங்கேயும் தண்ணீர்தான். அந்தக் காலத்தில் ஈரோட்டுக் கடைவீதியில் ஆக்கிரமிப்புகளை எடுத்துத் தெருவை அகலப்படுத்தியதும் அவர்தான் என்பார்கள். கடைவீதி என்றால் யார்? அவருடன் வியாபாரம் செய்கிறவர்கள். ஒரு மண்டிக்காரர் கடைவீதிக்காரர்களின் பந்தலில் கை வைக்கிறார் என்றால் அதன் அர்த்தம் வியாபாரம் செய்கிறவர்களுக்குப் புரியும்.

இன்னொரு செய்தியும் சேலத்தோடு சம்பந்தப்பட்டது. பதவியை விட்ட பிறகு நடந்தது. கதர், கள்ளுக்கடை மறியல் என்று காங்கிரசில் இறங்கிவிட்டார். சேலத்தில் தாதம்பட்டியில் அவர்கள் குடும்பத்துக்குத் தென்னந்தோப்பு இருந்தது. கள் கூடாது என்று ஊரெல்லாம் பேசிவிட்டு, என் தோப்பில் கள் இறக்கக் குத்தகை விடுவதா என்று, 1921-இல் ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார். நாகம்மையாரும் அவர் நாத்தனார் கண்ணம்மாளும் ஈரோட்டில் கள்ளுக்கடை முன்னால் மறியலுக்கு நின்றார்கள். மரத்தை வெட்டியது சரிதானா என்று நீங்கள் கேட்கலாம். மலைக்காரன் நான், எனக்கும் மரத்தை வெட்டுவது என்றால் மனசு பதறத்தான் செய்கிறது. குத்தகையை நிறுத்தினால் போதாதா என்று என் பாட்டியிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவளும் கேட்டாள். ஆனால் பேச்சுக்கும் தோப்புக்கும் நடுவில் இடைவெளி வைக்கவில்லை என்பது நிச்சயம்.

ஒருவர் பட்டதாரி வக்கீல். இன்னொருவர் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர். ஒருவர் கீதையும் இராமாயணமும் எழுதியவர். இன்னொருவர் அவற்றைக் கேள்வி கேட்டவர். படிப்பு, ஜாதி, சொத்து, பக்தி எதிலும் ஒற்றுமை இல்லை. வேட்பாளர் நோட்டீஸில் போட்டால் இரண்டும் இரண்டு துருவம். ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்தபோது இரண்டு பேரும் தங்கள் தெருவுக்கு எதிராக நிற்கத் தயாராக இருந்தார்கள். ஒருவருக்கு அது அக்கிரகாரம். இன்னொருவருக்குக் கடைவீதி. அப்புறம் இன்னொன்று. நாற்காலியை விடவும் தயாராக இருந்தார்கள். 1919-இல் ஒருவர் சென்னைக்குப் போனார், அடுத்து ஒத்துழையாமை வந்ததும் நல்ல வருமானமுள்ள வக்கீல் தொழிலையே விட்டார். மற்றவர் சேர்மன் பதவி உட்பட, இருபத்தொன்பது கௌரவப் பதவிகள் என்று கணக்குச் சொல்வார்கள், அத்தனையையும் உதறினார்.

உடனே இவர்களைத் தெய்வமாக்கிவிட்டு உட்கார வேண்டாம். நம் ஊர்க்காரனுக்கு அதுதான் வழக்கம், ஒன்று சிலை, இல்லாவிட்டால் செருப்பு. அதே இராஜாஜி 1937-இல் முதல்வராகி, அக்டோபர் 1-ஆம் நாள் நம் சேலம் மாவட்டத்தில்தான் முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். சொன்னதைச் செய்தார். ஆனால் அதே ஆட்சியில் இந்தியைக் கட்டாயமாக்கி எதிர்ப்பைச் சந்தித்தார். 1953-இல் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார். குலக்கல்வித் திட்டம் என்று ஈரோட்டார் ஊர் ஊராகப் போய் எதிர்த்தார். 1954-இல் இராஜாஜி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் சாமைக் காட்டுக்காரன் மகனான நான் இன்றைக்கு இந்த மேடையில் இருக்க மாட்டேன். மத்தியானம் வரைக்கும் பள்ளிக்கூடம், அப்புறம் களத்தில் சாமை போரடித்துக்கொண்டிருப்பேன். பரம்பரைத் தொழில் கேவலம் என்று சொல்லவில்லை. அதிலிருந்து வெளியே போகும் கதவைச் சாத்தக் கூடாது என்கிறேன்.

சேலத்தில் குழாயைத் திறந்துவிட்ட அதே மனிதர்தான் இதையும் செய்தார். ஆக, ஒருவர் ஒரு காலத்தில் வைத்திருந்த நல்ல கொள்கை ஆயுசுக்கும் ஜாமீன் ஆகாது. ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எதிர்த்து நிற்க ஒரு ஈரோட்டாரும் வேண்டியிருக்கிறது. 1972 டிசம்பரில் இராஜாஜி இறந்தபோது, தள்ளுவண்டியில் சுடுகாடு வரைக்கும் வந்து கண்ணீர் விட்டவரும் அந்த ஈரோட்டார்தான். அடுத்த டிசம்பரில் அவரும் போய்விட்டார். நம் சங்கத்தில் இரண்டு பேர் எதிரெதிர் அணியில் நின்றால் அடுத்த கூடுகைக்கு ஒரே பந்தியில் உட்கார முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

'அதெல்லாம் பெரிய ஆளுங்க கதை, எங்களை மாதிரி சாதாரண ஆளு எங்கே?' என்று அந்தத் தம்பி காலையில் என்னிடம் கேட்டார். சாதாரண ஆட்களும் வந்திருக்கிறார்கள் தம்பி. 2022-இல் கும்பகோணம் மாநகராட்சியின் முதல் மேயராக வந்த சரவணன் ஆட்டோ ஓட்டியவர். அதே வருஷம் சென்னைக்கு மேயரான பிரியா, முப்பது வயதுகூட ஆகாதவர். சென்னை மாநகராட்சி 1688-இல் ஏற்பட்டது. அத்தனை பழைய மாநகராட்சிக்குப் பட்டியல் சாதியிலிருந்து ஒரு பெண் மேயராக வருவதற்கு அதுவரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆட்டோ ஓட்டியவர் என்பதாலேயே நல்லாட்சி வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கிருந்து வந்தாலும் கதவு திறந்திருக்கிறது என்பதற்கு இது சாட்சி, அவ்வளவுதான்.

சாதாரண ஆள் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மதுரை லீலாவதி. நெசவுக் குடும்பத்துப் பெண். 1996-இல் வில்லாபுரம் பகுதியிலிருந்து மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே தண்ணீரை விலைக்கு விற்றுச் சிலர் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மா மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை அந்தத் தெருக்களுக்குக் கொண்டு வந்தார். 1997 ஏப்ரல் 23-ஆம் நாள் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அந்த வருஷமே ஜூன் 30-இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவருடன் இருந்தவர்களையும் கொன்றார்கள். தலித் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காக. உள்ளாட்சி என்பது சின்னப் பதவி, பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு பெயரையும் மறக்கக் கூடாது. நான் அந்தச் சமயம் வேலையில் இருந்தேன். ரொம்ப நாள் எங்கள் அலுவலகத்தில் பேச்சே இல்லாமல் இருந்தது.

சரி, மலைக்கு வருவோம். இந்த மலையில் பதினாலு ஊராட்சி. பேரிலேயே எல்லாம் நாடு. வளவந்தி நாடு, வாழப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று. முன்னே ஊர்க்கவுண்டர் சொன்னால் அது சட்டம். இப்போது தேர்தல். 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டோம். 2025 ஜனவரியில் அவர்கள் காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் பொறுப்புக்குப் போயின. தனி அலுவலர் வேலையைக் குறை சொல்லவில்லை, நான் இருந்த வர்க்கம்தான் அது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஊற்றுத் தண்ணீர் நின்றுபோனால் தனி அலுவலர் வீட்டுக் கதவை யார் தட்டுவது?

வேட்புமனு மேசையில் எத்தனையோ தேர்தலுக்கு உட்கார்ந்திருக்கிறேன். ஊராட்சித் தலைவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா என்று பொதுச் சின்னம்தான். கட்சி மறைந்துகொள்ள இடமில்லாத தேர்தல் அது, ஆள் மட்டும்தான். அதனாலேயே அங்கே பணம் அதிகம் புழங்குகிறது. 2019-இல் சில மாவட்டங்களில் தலைவர் பதவியை ஊரே கூடி ஏலம் விட்டதாகச் செய்தி வந்ததே, படித்திருப்பீர்கள். அந்தப் பணத்தில் கோயில் கட்டுகிறோம் என்றார்களாம். சாமி கேட்டதா?

இந்தச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை வைத்திருக்கிறோம், ஆடிப் பதினெட்டுக்கு விழா எடுக்கிறோம். ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். கூத்தருக்கும் பாணருக்கும் அள்ளிக் கொடுத்தவன் என்று பெருமைப்படுகிறோம். எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இந்தப் பெருமையே நம்மைக் கெடுக்கிறதோ என்று. தலைவன் என்றால் கொடுப்பவன் என்று ரத்தத்தில் ஊறிப்போய்விட்டது. வேட்பாளர் வந்தால், 'என்ன கொடுப்பீங்க?' என்றுதான் முதல் கேள்வி. ஓரி கொடுத்தது அவன் பொருளை. கொடுத்துவிட்டு ஓட்டுக் கேட்கவில்லை. இன்றைக்கு முன்கூட்டிக் கொடுப்பவர், நாளைக்கு உங்கள் ரோட்டிலிருந்து வட்டியோடு எடுத்துக்கொள்வார். மிளகு வியாபாரி கொடியில் காய் இருக்கும்போதே அட்வான்ஸ் கொடுப்பது எதற்கு என்று மலைக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. விலையை அப்புறம் அவன்தான் சொல்வான்.

தங்கைக்கு ஒரு வார்த்தை. 2016-இல் வந்த சட்டத் திருத்தத்தால் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. நல்ல சட்டம். ஆனால் ஒன்றியக் கூட்டத்துக்குத் தலைவரம்மாவைக் கூப்பிட்டால், கணவர் வந்து உட்கார்ந்து, 'நான்தாங்க, சொல்லுங்க' என்பார். அண்ணன் வருவார், மாமனார் வருவார். நான் வேலை பார்த்த வேறொரு மலையில் ஒரு தலைவரம்மா இருந்தார். எழுதப் படிக்கத் தடுமாறுவார். ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும். அந்த அம்மா முத்திரையையும் காசோலைப் புத்தகத்தையும் வெற்றிலைப் பையோடு இடுப்பிலேயே செருகிக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர் கேட்டால்கூடக் கொடுக்க மாட்டார். 'எதுக்குன்னு சொல்லு, அப்புறம் போடறேன்' என்பார். கிளார்க் என்னிடம் வந்து, 'சார், இந்தம்மாகிட்ட வேலை பார்க்க முடியலை' என்று அழுதார். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். உனக்கு எம்.ஏ. படிப்பு இருக்கிறது, கண்ணு. அந்த வெற்றிலைப் பை இருக்கிறதா என்று மட்டும் யோசித்துக்கொள்.

ஆகவே தீர்மானத்துக்கு வருகிறேன். ஆதரவுத் தீர்மானம் வேண்டாம். அதற்குப் பதிலாக இன்றைக்கு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு பேரையும் இதே மேடையில் உட்கார வைத்து நாம் கேள்வி கேட்போம். இன்று படிக்கிற பிள்ளைகள் முதலில் கேட்கட்டும். நாமக்கல் தம்பியிடம் நான் கேட்கப் போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன், தயார் செய்துகொள்ளட்டும். உன் தொழில் என்ன என்பது எனக்குத் தெரியும். அந்தத் தொழில் செய்கிறவர்கள் ஆக்கிரமித்து வைத்திருக்கிற இடம் எது என்பதும் ஊருக்கே தெரியும். அதில் நீ என்ன செய்வாய்? தங்கையிடம்: உங்கள் ஊரில் ஊற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற வீடு யாருடையது? பெயர் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்கு நீ எத்தனை தடவை போயிருக்கிறாய்? இரண்டு பேரிடமும்: செலவுக்குப் பணம் யார் கொடுக்கிறார்கள்?

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. குடியரசு தினம், மார்ச் 22 தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி நாள். இங்கே இருக்கிற இருநூறு முன்னாள் மாணவர்களில் போன வருஷம் ஒரு தடவையாவது உங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போனவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்.

...பதினொன்று. மேடையிலிருந்து ஒன்று, பன்னிரண்டு. மாணவர்கள் பக்கம்தான் கை அதிகம் என்பதைச் செயலாளர் குறித்துக்கொள்ளட்டும்.

சாப்பாடு தயார் என்று சமையல்காரர் கதவோரம் வந்து நிற்கிறார். கடைசி பஸ் ஐந்தரைக்கு. மூன்று மணிக்குக் கேள்வி நேரத்தை ஆரம்பித்துவிடலாம். குளிக்கப் போகிறவர்கள் நாளைக் காலை போய்க்கொள்ளுங்கள், ஆகாய கங்கை எங்கேயும் ஓடிப்போகாது.